கோதைக்கு எந்த ‘டி’?

இரண்டே எழுத்துப் பெயர். அதில் தமிழில் ஒரு பிழை, ஆங்கிலத்தில் ஒரு பிழை என்று பிறப்புச் சான்றிதழ் வந்தது. நான்கு முறை அலைந்த பிறகு போன வாரம்தான் திருத்திய தாள் கைக்கு வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் மகள் பெயர் கோதை. என்னை வளர்த்த ஆயாவின் பெயர் அது. அவர் திருவந்திபுரத்துக்காரர், ஆடிப்பூரத்தில் பிறந்ததால் ஆண்டாள் பெயரையே வைத்துவிட்டார்கள். ‘கிழவி பேரு’ என்று இரண்டு பேர் முணுமுணுத்ததோடு சரி, பெயரில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில்தான்.

நம் பக்கத்து வழக்கப்படி ‘த’ வந்தால் டி, எச். கீதா, லதா எல்லாம் அப்படித்தான். ஆனால் எந்த டி? தமிழில் வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றே. அதனால் எங்கள் வீட்டில் ஒன்றுக்கு டைகர் டி, மற்றதுக்கு டெல்லி டி என்று பெயர் வைத்துக்கொண்டோம். டைகர் டி போட்டால் வடக்கே இருப்பவர்கள் ‘ட’வும் ‘ஹை’யும் சேர்த்து ஏதோ ஒன்று வாசிப்பார்கள். கடைசியில் ஐ-க்குப் பதில் ஒய் போடலாமா என்றால், கணவரின் அலுவலக நண்பர், வங்காளி, அதைப் பார்த்துச் சிரித்தே விட்டார். அவர்கள் மொழியில் அதற்கு ‘எங்கே’ என்று பொருளாம். ‘பேரென்ன?’ ‘எங்கே.’ இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டைகர் டி-யில் எழுதி முதல் ஐந்து எழுத்தை மட்டும் படித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் விட்டுவைப்பார்களா? அந்த நிமிடமே எனக்கு டெல்லி டி என்று முடிவாகிவிட்டது.

மாமியாருக்கு முடிவாகவில்லை. அவருக்குத் தெரிந்த எண்கணிதக்காரர் ஒருவர், கே ஓ டி எச் ஏ ஐ கூட்டினால் 20, பிள்ளைக்கு ஒத்து வராது, எச்சை எடுத்தால் 15, அமோகம் என்றார். எச்சை எடுத்தால் அது கோதை இல்லை, கொடைக்கானலில் பாதி. “சரி, கே-க்குப் பதில் ஜி போடுங்க, 21 வரும்” என்றார் அடுத்து. பெயரைக் ‘கோ’ என்று கூப்பிட்டுக்கொண்டு எழுத்தில் மட்டும் ஜி எதற்கு என்று நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் புதுச்சேரியிலிருந்து சின்ன மாமனார் போன் செய்து, “கே எதுக்கும்மா, சி போடு” என்றார். அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அங்கே முத்துவுக்கே யூ-க்கு முன்னால் ஒரு ஓ வரும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கடலூரையே இன்னும் ஆங்கிலத்தில் சி-யில்தான் எழுதுகிறோம். 2020-இல் தமிழ் உச்சரிப்புப்படி எழுதுவோம் என்று அரசு 1,018 ஊர்ப் பெயர்களை மாற்றி ஆணை போட்டது. அதில் வேலூர், வீலூர் என்று வாசிக்கும்படி ஆகி ஊரே சிரித்தது, சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

சரி, வேலைக்கு வருவோம். மருத்துவமனையிலிருந்து பிறப்புத் தகவல் போய், பெயர் இல்லாத சான்றிதழ் சிக்கல் இல்லாமல் கிடைத்தது. பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து கணவருக்குப் போன். “சார், கே ஓ, அப்புறம் டி தானே?” இவர், “ஆமா சார், டி தான்.” வீட்டில் ஒரு மாதமாக டைகரும் டெல்லியும் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதருக்கு அந்த நேரத்தில் வாயில் ஒன்று வரவில்லை.

டைகர் டி-யோடு சான்றிதழ் வந்தது. அதைவிடக் கொடுமை, தமிழில் ‘கோத்தை’. ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் விழுகிற தட்டச்சில் வந்த வினையாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு வீடே மண்டையை உடைத்துக்கொண்டது, தமிழில் பிழை வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் தடவை போனது திங்கட்கிழமை. கையெழுத்துப் போட வேண்டியவர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருந்தார். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை எழுத்தர் தாளைப் பார்த்துவிட்டு, “பேரு ஒருதடவை ஏத்திட்டா மாத்த முடியாதும்மா” என்றார். மாற்றவில்லை, திருத்தத்தான் கேட்கிறேன் என்றால், “நீங்க எழுதிக் கொடுத்ததைத்தானே போட்டோம்” என்கிறார். விண்ணப்பத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். தேட வேண்டுமாம், நாளைக்கு வாங்க என்றார். நான் செல்போனை நீட்டினேன். என் கையெழுத்தில் டெல்லி டி, பக்கத்திலேயே தமிழில் கோதை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், மேசையில் இருந்த இன்னொருவரும் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. “பிரமாணப் பத்திரம் ஒண்ணு கொண்டாந்துடுங்க.” இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் தடவை நோட்டரி கையெழுத்து வாங்கிய பத்திரம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், எங்கள் இருவரின் ஆதார் நகல், பழைய சான்றிதழ் எல்லாம் கொடுத்தேன். தெரிந்துகொள்ளுங்கள்: 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி எழுத்துப் பிழையைத் திருத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியோடு கையெழுத்திடுவார்கள். “முடியாது” என்று சொன்னால் நம்பி எழுந்து வராதீர்கள். நாலாவது தடவை தாளை வாங்கி, அங்கேயே நின்று, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்த பிறகுதான் நகர்ந்தேன்.

நல்ல வேளை, அவசரப்பட்டு ஆதார் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதற்கும் ஓர் அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தத் தாள்தான் ஆதாரம். அதனால் பிழையோடு லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். போனில் கேட்டால் எழுத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள், “நேரில் வந்து காட்டுகிறேன்” என்று வைத்துவிடுங்கள். யாழினி, நிலா என்று வைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

திருத்திய தாளை மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விட்டுக் கூட்டினார். அந்த எண்கணிதத்தில் டைகர் டி-க்கும் 4, டெல்லி டி-க்கும் 4. “இவ்வளவு அலைஞ்சியே, அதே 20 தானே வருது” என்றார்.