பல தாள்கள் கொண்ட எக்செல் கோப்பில் போய்வருவது

பெரிய எக்செல் கோப்புகளில் நேரம் எங்கே வீணாகிறது என்று கவனித்துப் பார்த்தால், கணக்கிடுவதைவிடத் தாள் விட்டுத் தாள் அலைவதிலேயே அதிகம் போவது தெரியும். தொகுப்புத் தாளில் ஒரு கூட்டுத்தொகை சந்தேகமாக இருக்கிறது. அதற்கான எண் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு தாளிலிருந்து வருகிறது. கீழே உள்ள தாவல்களை அம்புக்குறியால் நகர்த்தி நகர்த்தி அந்தத் தாளைப் பிடிப்பதற்குள், எந்தக் கட்டத்தைச் சரிபார்க்கப் புறப்பட்டோம் என்பதே நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. ஒரு தாளுக்குப் போகும் வழிகளைப் பலரும் சொல்லித்தருகிறார்கள். புறப்பட்ட இடத்துக்கே பிசகாமல் திரும்பும் வழியும் அதே அளவு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தடுத்த தாள்களுக்குள் நகரக் கண்ட்ரோல் விசையுடன் பேஜ் டவுன் அல்லது பேஜ் அப் போதும். இந்த விசைகள் தாவல்களின் வரிசைப்படியே நகர்வதால், சேர்த்துப் பார்க்க வேண்டிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. மறைத்து வைத்த தாள்களை இவை தாண்டிச் சென்றுவிடும் என்பதால், அன்றாடம் தேவைப்படாத துணைத் தாள்களை மறைத்துவிட்டாலே பாதை குறுகிவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையை அவசியம் சொல்ல வேண்டும். இதே விசைகளோடு ஷிப்ட்டும் சேர்ந்து அழுந்திவிட்டால், எக்செல் அடுத்த தாளுக்குப் போவதோடு நில்லாமல் இரண்டு தாள்களையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிடும். அதன்பின் ஒரு தாளில் தட்டும் எண் மற்றதிலும் அதே கட்டத்தில் போய் அமர்ந்து, அங்கிருந்ததை அழித்துவிடும். தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ‘குரூப்’ என்ற சொல் தெரிகிறதா என்று பார்ப்பதும், தெரிந்தால் தாவலை வலது சொடுக்கிட்டுக் குழுவைக் கலைப்பதும் எழுதத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை.

தொலைவில் உள்ள தாளுக்கு, இடது கீழ் மூலையில் தாவல்களை நகர்த்தும் சிறிய அம்புக்குறிகளின் மேல் வலது சொடுக்கிட வேண்டும். தாள்களின் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஒரு சிறு சாளரத்தில் விரியும். அதில் முதலெழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவலாம். ஆகவே தாள்களுக்குப் பெயரிடும்போது வேறுபடுத்திக் காட்டும் சொல்லை முன்னால் வைப்பது நல்லது. எல்லாப் பெயரும் ‘அறிக்கை’ என்றே தொடங்கினால் பட்டியல் இருந்தும் பயனில்லை. பெயருக்கு 31 எழுத்துக்குறிகள்தான் வரம்பு. பெயர் நீண்டால் தாவலும் அகலமாகி, ஒரே பார்வையில் தெரியும் தாள்களின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இனி, திரும்பி வருவது. சூத்திரம் உள்ள கட்டத்தில் நின்றுகொண்டு கண்ட்ரோல் விசையுடன் இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால், அந்தச் சூத்திரம் எந்தக் கட்டத்தைச் சுட்டுகிறதோ, அது வேறு தாளில் இருந்தாலும், நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தும். சூத்திரம் பல தாள்களைச் சுட்டினால் முதலில் வரும் சுட்டுக்கு மட்டுமே இது போகும். பார்த்து முடித்ததும் எஃப் 5 விசையை அழுத்தினால் ‘கோ டு’ சாளரம் திறக்கும். அதில் புறப்பட்ட கட்டத்தின் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். என்டர் தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். தணிக்கை போன்ற வேலையில் இந்த இரண்டு விசைகளும் தருகிற நிம்மதி மிகப் பெரியது, ஏனென்றால் கண் தாவல்களைத் தேடாமல் எண்ணிலேயே நிற்கிறது. தாவலைச் சுட்டியால் சொடுக்கிப் போகும் பயணங்கள் ‘கோ டு’ சாளரத்தின் நினைவில் பதிவதில்லை என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோப்பைப் பலர் பயன்படுத்துவதாக இருந்தால் முதல் தாளைப் பொருளடக்கமாக்கி, ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இணைப்பும், அதன் பக்கத்தில் அந்தத் தாள் எதற்காக என்ற ஒரு வரியும், ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் பொருளடக்கத்துக்குத் திரும்பும் இணைப்பும் வைக்க வேண்டும். இதைச் செய்பவர்களும் ஒரு நுணுக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இணைப்பில் தாளின் பெயரும் கட்ட முகவரியும் வெறும் எழுத்தாகவே பதிவாகின்றன. யாராவது தாளின் பெயரை மாற்றினால் சூத்திரங்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும், இணைப்போ பழைய பெயரையே தேடிப் பிழைச்செய்தி காட்டும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு தாளின் தொடக்கக் கட்டத்துக்கும் நேம் மேனேஜர் வழியாக ஒரு பெயர் கொடுத்து, இணைப்பை அந்தப் பெயருக்கே கொடுப்பதுதான். தாளின் பெயர் மாறினாலும், மேலே வரிகளைச் சேர்த்துக் கட்டம் கீழே இறங்கினாலும், கொடுத்த பெயர் அதைத் தொடர்ந்து செல்லும். சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள பெயர்ப் பெட்டியின் கீழ்ப்பட்டியலிலும் இந்தப் பெயர்கள் தோன்றுவதால், எந்தத் தாளில் இருந்தாலும் அங்கிருந்தே தாவலாம்.

இரண்டு தாள்களை மாறி மாறிப் பார்க்க வேண்டிய வேலையென்றால் தாவுவதையே விட்டுவிடலாம். வியூ பட்டியலில் நியூ விண்டோ என்பதைச் சொடுக்கினால் அதே கோப்பு இன்னொரு சாளரத்திலும் திறக்கும். ஒன்றில் தொகுப்பும் மற்றதில் விவரமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் உடனே தெரியும். உருட்டினாலும் நகராதபடி உறைய வைத்த தலைப்பு வரிகள் பல பதிப்புகளில் புதிய சாளரத்துக்கு வருவதில்லை. எனவே பழைய சாளரத்தின் அந்த அமைப்பு தொலையாமல் இருக்க, வேலை முடிந்ததும் புதிதாகத் திறந்ததை முதலில் மூடிவிட்டுப் பிறகு சேமிப்பதே பாதுகாப்பு.

மாதத்துக்கொன்றாக ஒரே அமைப்பில் தாள்களை அடுக்குவது பற்றியும் ஒரு சொல். ஒரு தாளில் 10,48,576 வரிகள் வரை இடம் இருக்கிறது. எந்த மாதம் என்று குறிக்க ஒரே ஒரு நெடுவரிசை சேர்த்து எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக வைத்து வடிகட்டிப் பார்த்தால், பல கோப்புகளில் இத்தனை தாள்களுக்கே தேவை இருக்காது.

எக்செல் போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எஃப் 5 அழுத்தினால் நேவிகேட்டர் திறந்து, தாள்கள், பெயரிட்ட பகுதிகள், குறிப்புகள் அனைத்தையும் ஒரே பட்டியலாகக் காட்டும். எதை இரட்டைச் சொடுக்கிட்டாலும் அங்கே போகலாம். கூகுள் ஷீட்ஸில் ஆல்ட், ஷிப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தாள்களின் பட்டியல் வரும். அங்கே ஒவ்வொரு தாளுக்கும் தனி அடையாள எண் உண்டு. இணைப்பு அந்த எண்ணைப் பிடித்துச் செல்வதால், தாளின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் பொருளடக்கம் உடையாது.