அரியணை மாறினால் பலிபீடமும் மாறியது

திருச்சபையை எதிர்த்த ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை மறுத்து நூல் எழுதியதற்காக 1521-இல் திருத்தந்தை பத்தாம் லியோவிடம் ‘விசுவாசத்தின் காவலர்’ என்ற பட்டம் பெற்ற அதே இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிதான், 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் தாமே என்று நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலைநாட்டினார். ஆண் வாரிசுக்கான ஏக்கமும் மணமுறிவுக்குத் திருத்தந்தை இசையாத சிக்கலும் அதற்குத் தூண்டுதலாயின. ஆனால் வழிபாட்டில் அவர் லத்தீன் திருப்பலியைக் கடைசிவரை விடவில்லை. மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றதே அவருடைய செயல்களில் மிக நீண்ட விளைவுடையது என்பது என் கருத்து. வாங்கியவர்கள், பின்னாளில் அவருடைய கத்தோலிக்க மகள் மேரி அரசியின் காலத்திலும், அவற்றைப் பெரும்பாலும் திருப்பித் தரவில்லை.

சாதாரண மக்கள் மாற்றத்தைக் கண்ணெதிரே கண்டது, ஹென்றியின் மகனாய் ஒன்பது வயதில் முடிசூடிய ஆறாம் எட்வர்டின் ஆட்சியில்தான். கல் பலிபீடங்கள் அகற்றப்பட்டு மரமேசைகள் வந்தன. புனிதர்களின் சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. 1549-இல் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமாக்கப்பட்டதும் டெவன், கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நான்கே ஆண்டுகளில் மேரி பழைய வழிபாட்டை மீட்டார். சீர்திருத்த நம்பிக்கைக்காக ஏறத்தாழ 300 பேர் எரிக்கப்பட்டனர்.

அவர்களுள் அந்த வழிபாட்டு நூலை உருவாக்கிய பேராயர் தாமஸ் கிரான்மரின் முடிவை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். அச்சத்தில் தம் நம்பிக்கையை மறுத்துக் கையொப்பமிட்டிருந்த அவர், 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில், அந்தக் கையெழுத்தைப் போட்ட வலக்கையையே முதலில் நெருப்புக்குள் நீட்டினார். மூன்றாண்டுகளுக்குப் பின், மேரியை அடுத்து வந்த எலிசபெத் அரசியின் சட்டம் கிரான்மரின் நூலைச் சில திருத்தங்களுடன் ஆலயங்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.