முத்துமாலையும் ஓர் உம்மையும்

ஏப்ரல் 10, 2025, வியாழன்

1925ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ வெளிவந்தது. நூற்றாண்டைச் சாக்காக வைத்து, கல்லூரியில் தேர்வுக்காக அவசரமாகப் படித்த அந்த நாவலை மறுபடியும் எடுத்தேன். ஏழைப் பையன் கேட்ஸ்பி தன் காதலி டெய்சியை இழந்து, மதுவிலக்குக் காலத்தில் மருந்துக்கடைகள் வழியாகச் சாராயம் விற்றுப் பணக்காரனாகி, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கிக் காத்திருந்து, கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகிறான் என்ற அளவில்தான் கதை நினைவில் இருந்தது. மூன்று அத்தியாயங்கள் முடிந்ததும், ஆசிரியர் விடாமல் விலை சொல்லிக்கொண்டே போவது கண்ணில் பட்டது. கதைசொல்லி நிக்கின் வீட்டு வாடகை மாதம் 80 டாலர். விருந்தில் உடை கிழிந்த பெண்ணுக்குக் கேட்ஸ்பி வாங்கி அனுப்பும் புது கவுன் 265 டாலர்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று நான்காம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. 1919 ஜூன், லூயிவில் நகரம், டெய்சியின் திருமணத்துக்கு முந்தைய நாள். மணமகன் டாம் புக்கானன் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பணத்தில் நிக் தன் வாடகை வீட்டில் 364 ஆண்டுகள் குடியிருக்கலாம்.

விருந்துக்கு அரைமணி நேரம் இருக்கையில் தோழி ஜோர்டன் அறைக்குள் போனால், மணப்பெண் ஒரு கையில் ஒயின் பாட்டிலும் மறு கையில் கடிதமுமாகப் போதையில் கிடக்கிறாள். குப்பைக்கூடையிலிருந்து மாலையை எடுத்து, தன் மனம் மாறிவிட்டது, உரியவரிடமே இதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறாள். குளிர்ந்த நீர்த்தொட்டியில் அவளை இறக்கியபோதும் கடிதத்தை விடவில்லை. ஈர உருண்டையாகக் கசக்கி, அது பனித்துகள் போலப் பிய்ந்து கரைவதைக் கண்ட பிறகே சோப்புத் தட்டில் வைக்க விடுகிறாள். அரைமணி நேரம் கழித்து மாலை கழுத்தில் இருக்கிறது. யார் எழுதிய கடிதம் என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிகிறது.

டெய்சி பணத்தாசை பிடித்தவள் என்று ஒரே வரியில் எழுதித்தான் அன்று மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தொட்டித் தண்ணீரைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்தாண்டுகளுக்குப் பின் சந்திப்பு. கேட்ஸ்பி தன் மாளிகையில் இங்கிலாந்துச் சட்டைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வீசுகிறான். குவியலில் முகம் புதைத்து டெய்சி அழுகிறாள், இவ்வளவு அழகான சட்டைகளைத் தான் பார்த்ததே இல்லையாம். பலரும் சிரிக்கும் இடம் இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்ல வந்த வேறெதையோ சட்டைகளின் மேல் ஏற்றிச் சொல்கிறாள் என்றே தோன்றியது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிளாசா ஓட்டல் அறை, கடும் வெயில். டாமை ஒருநாளும் காதலித்ததில்லை என்று டெய்சி தன் வாயால் சொல்ல வேண்டும் என்கிறான் கேட்ஸ்பி. அவள் வந்தால் மட்டும் போதாது. நடந்துபோன ஐந்தாண்டுகளே நடக்காதவையாக வேண்டும். அவளும் முயன்று பார்க்கிறாள், முடியவில்லை. ஒருகாலத்தில் அவரை நேசித்தேன், உன்னையும் நேசித்தேன் என்று அழுகிறாள்.

தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் அந்த ‘உன்னையும்’ உறைத்தது. முன்னே சொன்ன ஒன்றைத் தழுவி வருவதால் இதனை இறந்தது தழீஇய எச்சவும்மை என்பர். பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணப் பெயர் இப்படி ஒரு காதல் கதையில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. கேட்ஸ்பியால் தாங்க முடியாதது அந்த உம்மை ஒன்றுதான். என்னையுமா என்று அதையே திருப்பிக் கேட்கிறான். கொலைகாரன் வருவதற்கு ஒருநாள் முன்னதாகவே அவன் இந்த அறையில் முடிந்துபோகிறான் என்பது என் கணிப்பு.

ஏப்ரல் 16, புதன்

நூற்றுக்கணக்கானோர் விருந்துண்ட வீட்டிலிருந்து சவ ஊர்வலம் கிளம்பும்போது, பாதிரியாரைத் தவிர, நிக், கேட்ஸ்பியின் தந்தை, சில வேலைக்காரர்கள், ஊர்த் தபால்காரர், அவ்வளவுதான். கல்லறையில் இன்னும் ஒருவர் வந்து சேர்கிறார். டெய்சியிடமிருந்து ஒரு பூகூட வரவில்லை.

தந்தை ஒரு பழைய சிறுவர் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அதன் பின்னட்டையில் 1906 செப்டம்பர் 12 என்று தேதியிட்டு மகன் எழுதிய தினசரி அட்டவணை. (அந்தப் புத்தகம் அச்சானதே 1910இல்தான், ஆசிரியரின் கைப்பிழை.) காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரப் பாடம். கீழே, வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 என்று திருத்தியிருக்கிறான். தந்தை ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துவிட்டு நிக்கின் முகத்தைப் பார்க்கிறார், அவனும் அதை எழுதி வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பவரைப் போல.