பால் ஊற்றப் போன அரைமணி நேரம்
அம்மாயி ஊரில், முப்பது வருடத்துக்கு முன்னால், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஒரு அக்காவைக் கொன்றுவிட்டார்கள். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்ததாம். ஆள் இன்றுவரை அகப்படவில்லை.

வீட்டுக்காரர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன அரைமணி நேரத்தில் நடந்தது. அந்த நேரம் தெரிந்தவர்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊர் என்னவோ வீட்டுக்காரரைத்தான் கை காட்டியது. அது எனக்கு மனசு ஒப்பவில்லை.

சந்தேகம் தப்பான ஆள் மேல் விழுவதும் உண்டு. லண்டன் விம்பிள்டனில் 1992-ல் ஓர் இளம் தாய் மகன் கண்ணெதிரே கொல்லப்பட்டார். போலீஸ் தவறான ஆளைப் பிடித்து வழக்குப் போட்டது. உண்மைக் கொலையாளி அடுத்த வருடமே இன்னொரு தாயையும் மகளையும் கொன்றான். டி.என்.ஏ. சோதனை காட்டிக்கொடுத்து, 2008-ல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

நம் சட்டத்திலும் கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. அப்புறம், தொட்டிலில் தூங்கிய அந்தக் குழந்தைக்கு இப்போது என் வயதுதான் இருக்கும்.