மெசென்ட்ரிய உல்லன் நூல்ல பின்னிப் பார்த்தேன்: மூணாவது வாரம்

தங்கச்சி எம்பிபிஎஸ் முதல் வருஷம், சிறுகுடல் மெசென்ட்ரி மட்டும் படத்த எத்தன தடவ பார்த்தாலும் மண்டையில ஏறலன்னு சொன்னா, அதான் பாதி அளவுல ஒரு மாடல் செஞ்சு தரலாம்னு இறங்குனேன். ஆட்டுக்குடல் சுத்தம் பண்றப்ப கூடவே கொழுப்போட ஒரு சவ்வு வரும்ல, நம்ம வயித்துல அதேதான் குடல முதுகுப்பக்க சுவரோட புடிச்சு வச்சிருக்கு.

முதல் வாரம் துணியில தச்சேன், வீணாப்போச்சு. சுவர்ல ஒட்டுற வேர் 15 செ.மீ. தான், வெளி ஓரத்துல தொங்குற குடல் சுமார் 6 மீட்டர், அதாவது 40 மடங்கு! பாவாடை ஃப்ரில்லுக்கு ரெண்டு மூணு மடங்கு துணி விட்டாலே தாராளம், இதுல அடிப்பக்கம் தலையணை மாதிரி தடிச்சுப்போய் ஊசியே இறங்கல.

அப்புறம்தான் குரோஷா ஞாபகம் வந்துச்சு. 7.5 செ.மீ.க்கு 15 கண்ணி போட்டு ஒவ்வொரு வரிசையிலயும் ரெட்டிப்பாக்குனேன், 30, 60, 120, 240, 480, கடைசி வரிசையில நாலு கண்ணிக்கு ஒண்ணு சேர்த்ததும் 600, சரியா 3 மீட்டர். உயரம் 10 செ.மீ. தான் ஆனா ஓரம் தானா சுருண்டு சுருண்டு நிக்குது, குடல் ஏன் அப்படி மடிஞ்சு கிடக்குன்னு கையிலயே புரிஞ்சுது. (ரெண்டு முனையிலயும் உயரம் குறைஞ்சுகிட்டே வரணும், அத இதுல செய்யல.)

ரெண்டாவது வாரம், முதுகுப்பக்க சுவருக்குப் பதிலா வச்ச போர்டுல வேர ஒட்டுற வேலை. நான் நடுவுல நேரா குத்திட்டேன், தங்கச்சி பார்த்துட்டு அக்கா இது சாய்வா வரணும்னா. ரெண்டாவது இடுப்பு முள்ளெலும்போட இடதுபக்கம் டியோடினம் (சிறுகுடலோட முதல் பாகம்) முடிஞ்சு ஜெஜூனம் (அடுத்த பாகம்) தொடங்குற வளைவுல ஆரம்பிச்சு, வலதுபக்கம் கீழ சேக்ரோஇலியாக் மூட்டுக்கு (முதுகெலும்போட அடிப்பகுதி இடுப்பெலும்போட சேர்ற இடம்) முன்னாடி இலியம் (சிறுகுடலோட கடைசிப் பாகம்) சீக்கத்தோட (பெருங்குடல் தொடங்குற பை) சேர்ற இடம் வரைக்கும். பிரிச்சு சாய்வா தச்சப்பதான் அது எதையெல்லாம் தாண்டிப் போகுதுன்னு வரிசையா தெரிஞ்சுது: டியோடினத்தோட மூணாவது பாகம், அயோர்ட்டா (பெருந்தமனி), கீழ்ப்பெருஞ்சிரை, முதுகெலும்புக்கு வலது ஓரமா இறங்குற சோவாஸ் தசை, அது மேல வலது யூரிட்டரும் (சிறுநீரகத்துலருந்து சிறுநீர் இறங்குற குழாய்) கோனாடல் ரத்தக்குழாய்களும் (விதைப்பை இல்ல சினைப்பைக்கானது). யூரிட்டருக்கு மஞ்சள் வயர் வச்சேன். சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுபோற சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனி டியோடினத்துக்கு முன்னாடி இறங்கி மெசென்ட்ரிக்குள்ள நுழையுது, அதே பேருள்ள சிரை அதுக்கு வலதுல. உடம்போட வலதுன்னா நம்ம பார்வைக்கு இடது, அதுல ஒருக்கா மாத்தி ஒட்டி மறுபடி பிரிச்சேன்.

இந்த வாரம் பெருங்குடலையும் சுத்தி வச்சிட்டு போர்ட நிமித்திப் பட்டாணி போட்டுப் பார்த்தோம், எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதுதான். வேருக்கு வலதுபக்கம் போட்ட பட்டாணி சீக்கம் மூலையில போய் அப்படியே நின்னுடுச்சு, இடதுபக்கம் போட்டது நேரா இடுப்புக்குழிக்கு இறங்கிடுச்சு. வயித்துக்குள்ள சீழோ ரத்தமோ கசிஞ்சா எங்க தேங்கும்ங்கிறதுக்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்னு தங்கச்சி சொன்னா.

இன்னொண்ணும் பின்னுனேன், வேர் வெறும் 2 செ.மீ. குடல் சரியா சுழலாம பிறக்குற சில குழந்தைங்களுக்கு வேர் இப்படிக் குறுகிப்போயிருக்குமாம். கையில புடிச்சு லேசா திருப்புனாலே முழுசும் முறுக்கிக்குது, நடுவுல தமனிக்குப் பதிலா வச்ச சிவப்பு நூல் நெரிஞ்சுபோச்சு. பார்த்ததும் வயித்தக் கலக்குச்சு. நீளமா சாய்வா ஒட்டுன முதல் மாடல் அந்த அளவுக்குத் திரும்பவே இல்ல.

மெசென்ட்ரிக்குள்ள தமனிக் கிளைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து போடுற ரத்தக்குழாய் வளைவுகள் பாக்கி இருக்கு, ஜெஜூனம் பக்கம் வளைவு கம்மி, அதுலருந்து குடலுக்குப் போற நேர்க்குழாய் நீளம், இலியம் பக்கம் வளைவு அதிகம், குழாய் குட்டை, கொழுப்பும் ஜாஸ்தி. கொழுப்புக்கு மஞ்சள் நூல் வாங்கி வச்சாச்சு, ஞாயித்துக்கிழம உக்காரணும்.