பிளாஸ்டிக் போட்டுல (படகு) இருந்து ஃபைபர் மோல்டு (அச்சு) எடுத்த அனுபவம்

பிளாஸ்டிக் மேல ரெசின் (ஃபைபர இறுக்குற பிசின்) ஒட்டாது, அப்ப மோல்டு எடுக்குறது ஈசிதானேன்னு நெறைய பேர் கேக்குறாங்க. ஒட்டாதுங்குறது உண்மைதான், ஆனா வேலையே அங்க இல்ல. அந்த பிளாஸ்டிக் ஒரு இடத்துல சும்மா நிக்காது, வெயில் பட்டா விரியும், கை வச்சு அமுக்குனா உள்ள போகும், அத அசையாம புடிச்சு வைக்கிறதுதான் முக்கால்வாசி வேலை.

எங்க மாமாவுக்கு தங்கச்சிமடத்துல ஒரு 10 அடி பிளாஸ்டிக் போட்டு இருந்துச்சு. பாக் விரிகுடா பக்கம் ஆழம் கம்மி, கரையோரம் வலை விட அந்த தட்டையான அடி ரொம்ப தோது. மணல்லயும் பாறைப் பார்லயும் இழுத்து இழுத்து அடி தேஞ்சு கீறல் விட்டுருச்சு, வெல்டிங் வச்சாலும் நிக்கல. ஃபைபர்னா கரையிலயே மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் வச்சு ஒட்டு போட்டுக்கலாம், அதனால அதே உருவத்துல வீட்டுக்குன்னு ஃபைபர்ல ஒண்ணு போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம்.

முதல்ல அது என்ன பிளாஸ்டிக்னு பாருங்க. முக்கோணத்துக்குள்ள 2ன்னோ 4ன்னோ இருந்தா பாலிஎத்திலீன், பயமில்ல. நம்பர் இல்லைன்னா கண்ணுக்கு தெரியாத மூலையில ரெசின் ஒரு சொட்டு விட்டு காய வச்சு பாருங்க, தானா உரிஞ்சு வந்தா சரி. ஏபிஎஸ் மாதிரி பிளாஸ்டிக்னா ரெசின்ல இருக்க ஸ்டைரீன் அத இளக்கி பிசுபிசுன்னு ஆக்கிரும், அதுக்கு வேற வழி பாக்கணும்.

எனக்கு சொல்லிக்குடுத்த மேஸ்திரி அண்ணன் போட்ட பாத்ததும் சொன்னது, "வேக்ஸ் (ஒட்டாம இருக்க பூசுற மெழுகு) பத்தி அப்புறம் பேசலாம் தம்பி, முதல்ல உள்ள முட்டு குடு". போட்ட கவுத்தி வச்சு, உள்பக்க வளைவுக்கு ஏத்த மாதிரி பிளைவுட்ல வெட்டி குறுக்க நிறுத்தி, இடைவெளில தெர்மாகோல் அடைச்சோம். நடுவுல முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் நூல் கட்டி பாத்தா ஒரு இடத்துல டொக்கு தெரிஞ்சுச்சு, உள்ள இருந்து முட்ட ஏத்தி நேராக்குனோம். இந்த இடத்துல பொறுமை இல்லைன்னா அந்த டொக்கு மோல்டுல ஏறி, அப்புறம் அதுல போடுற எல்லா போட்டுலயும் வரும்.

கீறலுக்கு பட்டி பாக்காதீங்க, பாலிஎத்திலீன்ல பட்டி நிக்காது, உதிந்துரும். நீட்டிக்கிட்டு இருக்க பிசிற மட்டும் பிளேடால சீவுனா போதும். போட்டுல பள்ளம்னா மோல்டுல மேடா வரும், மேட்ட பேப்பர் போட்டு தேச்சுரலாம். ஆனா போட்டுல மேடு இருந்தா மோல்டுல குழி விழும், அத அடைக்கிறது பெரிய வேலை. தண்ணி வடியுற ஓட்டைய எல்லாம் களிமண் வச்சு அடைச்சோம். விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருந்தா மோல்டு ஒரே துண்டா கழறாது, நடு முதுகுல பலகை நிறுத்தி ரெண்டு பாதியா எடுத்து போல்ட்டு போட்டு சேக்கணும். எங்களுது மேல அகலமா விரிஞ்ச உருவம், அதனால ஒரே துண்டு.

அடுத்தது ஜெல் கோட், அதாவது மோல்டோட வழுவழுப்பான மேல் பூச்சு. பாலிஎத்திலீன் மேல அடிச்சா தாமரை இலைல தண்ணி மாதிரி அங்கங்க விலகி கண்ணு கண்ணா நிக்கும். அதுக்கு 400 வாட்டர் பேப்பர் வச்சு லேசா தேச்சு பளபளப்ப எடுத்துட்டு, கெட்டியான ஜெல் கோட்ட பிரஷ்ல அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ரெண்டு கோட்டு அடிச்சோம். மெல்லிசா அடிச்சா மேல வர்ற ரெசின் அத சுருக்கிரும். விரல் வச்சா பிசுபிசுக்கணும், ஆனா கைல ஒட்டி வரக்கூடாது, அந்த பதத்துல முதல் மேட்டு.

முதல் மேட்டு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை உள்ளது, ரோலர் போட்டு காத்துக் குமிழிய ஒண்ணு விடாம வெளிய தள்ளணும். அது இறுகுனப்புறம்தான் 450 கிராம் மேட்டு, அதுவும் ஒரு நேரத்துல ரெண்டு அடுக்குக்கு மேல கிடையாது. ஏன்னா ரெசின் இறுகும்போது சூடு கெளம்பும், மொத்தமா போட்டா அந்த சூட்டுல அடியில இருக்க பிளாஸ்டிக்கே இளகி உருவம் மாறிரும். வெயிலும் அதே மாதிரிதான், 10 டிகிரி கூடுனா 10 அடி போட்டு நாலஞ்சு மில்லிமீட்டர் நீளும், ஃபைபர் அவ்வளவு நீளாது, ரெண்டும் இழுத்துக்கிட்டு ஜெல் கோட்டு பாதில கழண்டுக்கும். அதனால விடியக்காலைலயே ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள நிறுத்திருவோம். எங்க பக்கம் சோளகக் காத்து அடிச்சா மணலும் வந்து ஒட்டும், கொட்டகைய சுத்தி தார்ப்பாய் கட்டியே ஆகணும். நார் மேட்ட பாலித்தீன் கவர்லயே வைங்க, கடக்காத்துல ஈரம் ஏறுனா வெள்ளை வெள்ளையா திட்டு விழும்.

இத மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க. ரெசின சீக்கிரம் இறுக வைக்கிற கோபால்ட்டையும், இறுகுறத ஆரம்பிச்சு வைக்கிற கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்ட முதல்ல ரெசின்ல நல்லா கலக்கி முடிச்சுட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட், எங்க சூட்டுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி போதுமா இருந்துச்சு. கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வையே போயிரும், கண்ணாடி போடாம டப்பாவ திறக்காதீங்க. துணி மாஸ்க் ஸ்டைரீன் வாடைய தடுக்காது, கார்பன் ஃபில்டர் வச்சது வேணும்.

மோல்டு கனம், அதுல எடுக்கப்போற போட்டு கனத்துக்கு ரெண்டு மடங்கு இருந்தா நல்லது. கழட்டுறதுக்கு முன்னாடியே வெளிப்பக்கம் பைப் சட்டம் வச்சு நார் மேட்டால கட்டிருங்க, கழட்டுனப்புறம் கட்டுனா அதுக்குள்ள முறுக்கிக்கும். அவசரப்படாம நல்லா இறுக விட்டு, விளிம்புல மர ஆப்பு தட்டி தண்ணி ஊத்துனோம், உள்ள முட்ட எடுத்ததும் பிளாஸ்டிக் தானா நெளிஞ்சு கழண்டு வந்துருச்சு.

வேக்ஸ் இப்பதான் நெசமா வேணும். இனிமே ஃபைபர் மேலயே ஃபைபர் போடப்போறோம், அது ஒட்டுனா மோல்டும் போச்சு போட்டும் போச்சு. மோல்டுல மேடா வந்தத எல்லாம் தேச்சு பாலிஷ் பண்ணி, வேக்ஸ் அஞ்சாறு கோட்டு, ஒவ்வொண்ணும் காய விட்டு துடைச்சு, அதுக்கு மேல ஒட்டாம கழட்ட உதவுற பிவிஏ திரவத்த அடிச்சு காஞ்சதும் முதல் போட்டுக்கு ஜெல் கோட்டு போட்டோம். அதுவும் சுத்தமா கழண்டுச்சு. மோல்ட சட்டத்தோடயே கொட்டகைக்குள்ள கவுத்தி வச்சிருக்கோம், பாம்பன் மண்டபம் பக்கம் யாராவது செய்யப்போறீங்கன்னா வந்து பாத்துட்டு போங்க.