சைகை மொழி ஜூருபஹாசாவுக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்

சைகை மொழி ஜூருபஹாசா, அதாவது காது கேக்காதவங்களுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல மொழிபெயர்க்கிறவங்க, அந்த வேலைக்கு மாஸ்டர்ஸ் வரைக்கும் படிப்பு வேணும்னு சொன்னா மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல நிறைய பேரு "கைய ஆட்டுறதுக்கு எதுக்கும்மா அவ்ளோ படிப்பு"ன்னுதான் கேக்குறாங்க. அவங்கள குறை சொல்ல மாட்டேன், அந்த வேலைய பக்கத்துல இருந்து பாத்தவங்க கம்மி. நான் இந்த மொழிய கத்துக்கிட்டது காது கேக்காத என் தங்கச்சிகிட்ட, அப்புறம் வார இறுதி வகுப்புல. பேசிப் பழக அது போதும், டாக்டர் ரூமுக்கு போதவே போதாது, அதைத்தான் இங்க சொல்ல வரேன்.

கேஸுல கேட்டது எதையும் வெளிய சொல்லக்கூடாதுங்கறது எங்க வேலையோட முதல் சட்டம், அதனால யாரு எவருன்னு இல்லாம பல இடத்துல பாத்ததை ஒண்ணா சேத்து சொல்றேன். தோட்டத்துல வளந்த ஒரு பொண்ணு, சின்னதுல இருந்து ஹாஸ்டல் ஸ்கூல். வகுப்புல டீச்சர் காட்டுறது கோட் தாங்கான், அதாவது மலாய் வாக்கியத்த அந்த வரிசையிலயே இம்புஹானோட (சொல்லுக்கு முன்னாடி பின்னாடி ஒட்டுறது) சேத்து கையால காட்டுறது, ஹாஸ்டல்ல பிள்ளைங்க தங்களுக்குள்ள பேசிக்கிறது பஹாசா இஷாராத் மலேசியா, அதாவது மலேசிய சைகை மொழி, அதுக்கு இலக்கணமே வேற, வீட்டுக்கு வந்தா அம்மாவுக்கு தமிழ் மட்டும்தான், சாப்பாடு, தூக்கம், காசுன்னு வீட்டுக்குள்ள உண்டான கொஞ்சம் சைகையோட சரி. டாக்டர் மலாய்ல ஆரம்பிச்சு பாதியில இங்கிலீஷுக்கு போயிடுவாரு. அம்மா என் கைய பிடிச்சுக்கிட்டு "என்னம்மா சொல்றாரு, பெரிய வியாதியா?"ன்னு கேப்பாங்க, அந்தப் பக்கம் பொண்ணு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். யாருக்கு முதல்ல சொல்றது? "பிள்ளைகிட்ட இப்ப சொல்லாதம்மா"ன்னு அம்மா கெஞ்சினா என்ன பண்றது? உடம்பு அந்தப் பொண்ணோடது, கையெழுத்து போடப் போறதும் அவதான், அப்ப அவளுக்கு முழுசா தெரிஞ்சே ஆகணும். ஜூருபஹாசா இல்லாத நாள்ல தம்பிய கூட்டிட்டுப் போவாங்க, டாக்டர் பத்து நிமிஷம் பேசினதை அந்தப் பையன் "ஒண்ணுமில்ல, மருந்து சாப்பிடு"ன்னு முடிச்சிடுவான், சின்னப் பையன், அவன் வேற என்ன செய்வான்.

இந்த மாதிரி ரூமத்தான் மேல்படிப்புல எடுத்து வச்சு பேசுறாங்க. அமெரிக்காவுல ராபின் டீன், ராபர்ட் பொல்லார்ட்னு ரெண்டு பேரு 2001ல ஒரு முறைய எழுதினாங்க, ஒரு ஜூருபஹாசா மேல வர்ற பாரத்த நாலா பிரிச்சுப் பாக்குறது. ஒண்ணு இடம், உதாரணத்துக்கு எனக்குப் பின்னாடி ஜன்னல் வெளிச்சம் அடிச்சா என் கை அவளுக்குத் தெரியாது. அடுத்தது அங்க இருக்குறவங்களுக்குள்ள நடக்குறது, அந்த அம்மா கெஞ்சுறது இதுலதான் வரும். அப்புறம் பேசுறவர் பேசுற விதம், முணுமுணுப்பு, வேகம். கடைசியா என் மனசுக்குள்ள ஓடுறது. இதைப் படிச்சப்பதான் எனக்கு இத்தனை நாளா மண்டையில இருந்த பாரத்துக்கு ஒரு வடிவம் கிடைச்சுது. பேர் ஊர் சொல்லாம அனுபவமுள்ளவங்களோட உக்காந்து ஒவ்வொரு கேஸையும் அலசுற பழக்கமும் இந்த முறையோட சேந்து வளந்ததுதான்.

களைப்பும் பெரிய விஷயம். 1976லயே பார்பரா பிரேசல் செஞ்ச ஆராய்ச்சியில, அரை மணி நேரம் தாண்டினா தப்பு அதிகமாக ஆரம்பிக்குதுன்னு வந்துச்சு. அதனாலதான் நீளமான வேலைக்கு ரெண்டு பேரு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிறது. இது தெரியாத இடத்துல "ஒரு ஆளு போதுமே"ன்னு சொல்லிடுறாங்க, கோர்ட்டுல, ஆஸ்பத்திரியில வர்ற ஒரு தப்பு யார் தலையில விடியும்னு யோசிச்சுப் பாருங்க.

வெளிநாட்டுல இதுக்கு வழி போட்டு ரொம்ப நாள் ஆச்சு. வாஷிங்டன்ல 1864ல இருந்து இருக்குற காலடெட் பல்கலைக்கழகத்துல இந்தத் துறைக்கு மாஸ்டர்ஸும் உண்டு, பிஎச்டியும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது யூமாஸ்லி. பின்லாந்தோட ஹூமாக், ஜெர்மனியோட மாக்டபர்க்-ஸ்டெண்டால், எடின்பரோவுல இருக்குற ஹேரியட்-வாட், இந்த மூணு பல்கலைக்கழகமும் சேந்து 2009ல ஆரம்பிச்ச மாஸ்டர்ஸ். ஏற்கனவே இந்த வேலை பாக்குறவங்களுக்காகவே போட்டது, ரெண்டரை வருஷம், வேலைய விடாம படிக்கலாம், அப்பப்ப எல்லாரும் ஒரு ஊர்ல கூடி சேந்தாப்புல வகுப்பு, மத்த நேரம் வீட்டுல இருந்தே. காது கேக்காதவங்களும் அங்க மாணவரா படிக்கிறாங்க, வகுப்புல இன்டர்நேஷனல் சைனும் (பல நாட்டு காது கேக்காதவங்க கூடுறப்ப பேசிக்கிற சைகை) ஓடுது.

நம்ம நாட்டுல 2008 ஓகேயூ (மாற்றுத்திறனாளிகள்) சட்டம் பஹாசா இஷாராத் மலேசியாவ காது கேக்காதவங்களோட அதிகாரப்பூர்வ மொழியா ஏத்துக்கிச்சு. மொழிய ஏத்துக்கிட்டா அதைத் தூக்கிட்டுப் போற ஆளையும் அந்தத் தரத்துக்கு வளக்கணும்தானே? யூமாஸ்லி பாணியில இங்க ஒண்ணு வந்தா சம்பளத்த விட முடியாத எங்கள மாதிரி ஆளுங்க சுங்கை சிப்புட் ஸ்டேஷன்ல ஈடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூர் போய் வகுப்ப முடிச்சிட்டு திரும்பிடலாம். யாராச்சும் அந்தப் பாடத்திட்டத்த எழுத உக்காந்தா எனக்கு ரெண்டே வேண்டுகோள்: காது கேக்காதவங்கள வாத்தியாரா போடுங்க, தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மா உக்காந்திருக்குற டாக்டர் ரூமையும் பரீட்சையில ஒரு கேஸா வைங்க.